சர்க்கரை போட்ட காபி

அன்புள்ள அய்ஹம் அண்ணாவுக்கு,

உன் மீது இறைவனின் அமைதி இறங்கட்டும். நாங்கள் இங்கே நலம். நீ எந்தச் சிறையில் இருந்தாலும் உனக்கு ஒரு போர்வையாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வக்கீல் ஹனான் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க அனுமதி கிடைக்கலாமாம். கிடைக்காமலும் போகலாமாம். தாள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் நான் எழுதியதைப் படித்து மனதில் வைத்துக்கொண்டு உன்னிடம் சொல்வாராம். "சுருக்கமா எழுதும்மா ஜுமானா. முழுசா மனப்பாடம் பண்ண நான் ஒண்ணும் குர்ஆனையே மனசுல வச்சிருக்கிற ஹாஃபிழ் இல்ல" என்று சிரித்தார். எனக்குப் பேசத்தான் வராது என்று உனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் நிறுத்தத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு வருவதே பெரிது என்று வைத்துக்கொள். அக்காவுக்கு எது ஞாபகம் இருக்கிறதோ அது உன்னிடம் வந்து சேரட்டும்.

போன வாரம் நம் அகதி முகாமுக்குத் தண்ணீர் வந்தது. மாடித் தொட்டி நிரம்பியது. உன் வண்ணப் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்றுக்குக் காது மட்டும் நீலம். உம்மா துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாப்பாவுக்குத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வேலை செய்யும் அனுமதி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளுக்கும் எண்ணெய் போட்டுவிட்டார். இப்போது எந்தக் கதவும் சத்தம் போடுவதில்லை. அதனால் யார் வந்தாலும் எங்களுக்குத் தெரிவதில்லை.

இனி விழாவைப் பற்றிச் சொல்கிறேன். ஹனான் அக்கா இதை மட்டும் மறக்கக் கூடாது.

பெத்லகேமில் நகரத்துக் கலை மன்றத்தில் நம் ஆட்களின் குறும்படங்களையும் ஓவியங்களையும் வைத்து ஒரு வாரம் விழா நடத்தினார்கள். ஓவியங்கள் எல்லாம் நடைபாதைச் சுவரில். ரமல்லாவிலிருந்து வரவேண்டிய ஓவியங்கள் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டதால், அவற்றுக்காக அடித்த ஆணிகள் மட்டும் வெறுமனே இருந்தன. அவற்றையும் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாவுச் சாக்கில் நீ வரைந்த ஓவியத்தையும் உன் நண்பன் விஸாம் கேட்டு வாங்கிப் போய் மாட்டியிருந்தான். உம்மா கொடியில் துணி காயப்போடுகிற ஓவியம், முகம் இல்லாதது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று, முகம் இல்லாததுதான் இதில் எல்லாமே, நாம் இழந்த எல்லாமும் அந்த வெற்றிடத்தில் இருக்கிறது என்று தன்னுடன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அதெல்லாம் இல்லப்பா. அன்னிக்கு அடுப்புல பருப்பு வெந்துகிட்டு இருந்துச்சு, நான் பாதியில எழுந்து போயிட்டேன். எம் புள்ள வந்துதான் முகத்தை வரையணும்" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வரட்டும்மா, நல்லா வரையட்டும்" என்றார்.

அன்று மாலைதான் விஸாம் எடுத்த படத்தைப் போட்டார்கள். நீயும் மஜ்தும் ஃபவாஸும் முகாம் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசிய நாளில் எடுத்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உம்மாவும் வாப்பாவும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் உட்காரப் பார்த்தேன். உம்மா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

படத்தில் முதலில் மஜ்த் வந்தான். ஏணியில் ஏறி நின்று, "கேமராவை இறக்குடா, என் சட்டை கிழிஞ்சிருக்கு" என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே படம் நின்று, அவன் பெயரும் இறந்த தேதியும் வந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர், "அவனுக்காக ஃபாத்திஹா" என்றார். அரங்கமே எழுந்து, கைகளை ஏந்தி, இறந்தவர்களுக்காக ஓதுவதை ஓதிவிட்டு உட்கார்ந்தது. அடுத்து ஃபவாஸ். அவனுக்கும் தேதி வந்தது, அவனுக்கும் எழுந்தோம்.

மூன்றாவதாக நீ வந்தாய். மூக்கில் பச்சை வண்ணம். கேமராவைப் பார்த்து, "என்னைக் கடைசியா எடு, நான்தான் அழகு" என்கிறாய். படம் நின்று உன் பெயர் வந்தது. பெயர் மட்டும்தான், தேதி இல்லை. ஆனால் அதைப் பார்க்கிற வரைக்கும் யாரும் பொறுக்கவில்லை. அந்தக் குரல் மறுபடியும், "அவனுக்காக ஃபாத்திஹா" என்றது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு முறை எழுந்தவர்கள் மூன்றாம் முறையும் எழுந்தார்கள். நம் ஊரில் கால்களுக்குப் பழகிவிட்டது.

விஸாம் படம் ஓட்டுகிற இடத்திலிருந்து ஓடி வந்தான். "உட்காருங்க! அய்ஹம் ஜெயில்ல இருக்கான்! உயிரோட இருக்கான்! உட்காருங்க!" என்று கத்தினான். ஓதிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அப்போது பின்னாலிருந்து யாரோ, கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான், "உனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார்.

விஸாம் வாயைத் திறந்தான். பிறகு எங்களைப் பார்த்தான். உடனே எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னோடு சிறையில் இருந்து இளவேனிலில் விடுதலையாகி வந்த பையன், உனக்குக் காய்ச்சல் கண்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள், அதன் பிறகு உன்னைப் பார்க்கவில்லை என்று சொன்னான். அதற்கு மேல் எங்களிடம் என்ன இருக்கிறது?

நான் தலையை நிமிர்த்தியபோது உம்மா உட்கார்ந்திருந்தார். அவர் எழவே இல்லை. என் பாவாடையைப் பிடித்திருந்ததால் நானும் எழவில்லை. ஆனால் வாப்பா நின்றுகொண்டிருந்தார் அண்ணா. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் கைகளை ஏந்தியபடி நின்றார். ஃபாத்திஹாவை முடித்து, முகத்தைத் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன் எழுந்தீங்க?" வாப்பா, "எல்லாரும் எழுந்தாங்க. கால் தானா எழுந்துச்சு" என்றார். "வாயும் தானா ஓதுச்சா?" என்று கேட்டுவிட்டு உம்மா வேகமாக முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. "வாப்பாகிட்ட ரொட்டி இருக்குன்னு சொல்லு", "உம்மாகிட்ட நான் வெளியே போறேன்னு சொல்லு" என்று என் வழியாகத்தான் போகிறது. ஒரே அறையில்.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படத்தைப் பார்த்தவர்கள் பாதி, கேள்விப்பட்டவர்கள் பாதி. துக்கம் கேட்கும் முகத்தோடு வந்து, பெண்கள் உள்ளேயும் ஆண்கள் வாசலிலும் உட்கார்ந்தார்கள். மஜ்தின் உம்மா பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். அவரிடம் என்ன சொல்ல முடியும்?

உம்மா என்னைக் காபி போடச் சொன்னார். நானும் வழக்கம்போல், சாவு வீடுகளில் கசப்புக் காபி போட்டுப் பழகிய கை அல்லவா, சர்க்கரை போடாமல் அடுப்பில் வைத்துவிட்டேன். உம்மா வந்து பார்த்தார். டப்பாவைத் திறந்து கரண்டி கரண்டியாகச் சர்க்கரையை அள்ளிப் போட்டார். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு போடமாட்டார்கள். எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடு என்றார்.

கொடுத்தேன். முதல் வாய் குடித்ததும் ஒவ்வொருவரும் கோப்பையைப் பார்த்தார்கள், பிறகு உம்மாவைப் பார்த்தார்கள். மஜ்தின் உம்மா மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்து உம்மாவின் தலையில் முத்தம் வைத்துவிட்டு, தான் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதுதான் உம்மாவுக்குப் பிடித்தது.

அச்சகக்கார அபூ நிம்ரும் வந்தார். முகாமில் இறந்தவர்களின் சுவரொட்டிகள் எல்லாம் அவர் அடித்ததுதானே. "நல்ல போட்டோவா ஒண்ணு குடுங்க உம்மு அய்ஹம். கூலி வேண்டாம், அவன் என் கடையில வளர்ந்த புள்ள" என்றார். உம்மா அவருக்கும் காபி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். "சர்க்கரை இல்லாத காபி குடுக்க என் வீட்டுல யாரு செத்தாங்க அபூ நிம்ர்?" என்று உம்மா கேட்டார். அவர் கோப்பையை வைத்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு பேரனை அனுப்பிச் செருப்பை மாற்றி வாங்கிக்கொண்டார்.

வாப்பா அன்று காபியே குடிக்கவில்லை. மறுநாள் காலையில் என்னிடம், "எனக்குச் சர்க்கரை போடாம குடும்மா. டாக்டர் குறைக்கச் சொன்னாரு" என்றார். உம்மா அடுப்படியிலிருந்து, "எந்த டாக்டர்னு கேளு" என்றார். நான் கேட்கவில்லை. வாப்பா எந்த டாக்டரிடமும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் இரண்டு பாத்திரம் வைக்கிறேன். ஒன்று உம்மாவுக்கு, சர்க்கரை போட்டது. மற்றது வாப்பாவுக்கு. இரண்டும் பொங்காமல் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். நான் எதையும் குடிப்பதில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை அண்ணா. வரும் என்று காத்திருந்தேன். ஏலக்காயை இடிக்கிறேன், பாத்திரங்களைக் கழுவுகிறேன், பூனைக்குட்டிகளுக்குப் பழைய துணி மாற்றுகிறேன். குளிரில் கை மரத்துப்போனால் நம் கை மாதிரி இருக்காதே, அப்படி இருக்கிறது.

வாப்பாவை நீ தப்பாக நினைக்காதே. நேற்று உன் ஓவியத்தை மன்றத்திலிருந்து அவர்தான் போய் எடுத்துவந்தார். மழை பெய்ததால் அதைத் தன் சட்டைக்குள் வைத்து, தான் நனைந்து வந்தார். உம்மா அதை வாங்கி, உன் கட்டிலுக்கு மேலே பழைய ஆணியிலேயே மாட்டினார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. வாப்பா எழுந்து போய் நேராக்கினார். அப்போதும் இருவரும் பேசவில்லை.

அண்ணா, பெரிய செய்தி எதுவும் அனுப்ப வேண்டாம். உன்னால் முடியாது என்று தெரியும். ஹனான் அக்காவிடம், நீ காபி எப்படிக் குடிப்பாய் என்று மட்டும் சொல்லி அனுப்பு. நம் வீட்டில் உனக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டே, அதை. வெளியில் யாருக்கும் தெரியாது, அக்காவிடமும் நாங்கள் சொல்லவில்லை. அவர் வந்து அதைச் சொன்னால் உம்மாவுக்குப் போதும். வாப்பாவுக்கும் போதும்.

ஆண்டவன் உன்னைக் குளிரிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் காக்கட்டும். திங்கட்கிழமை காலையில் நான் அடுப்புக்கு முன்னால் நிற்பேன். ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட ஆசையாக இருக்கிறது. எதை என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை,
ஜுமானா