உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்

மைசூர், 3-12-1952

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு அருளாயி தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஸ்டானிஸ்லாஸ் கணக்கில் முதல், டோரதி நர்ஸ் படிப்புக்கு எடுபட்டாள், சின்னவன் பூசையில் மணி அடிக்கிறான் என்று நீங்கள் எழுதியதைக் கான்வென்ட் சமையல்கட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நம் பேரப்பிள்ளைகள் என்றால் சும்மாவா!

இங்கே ஒரு வேடிக்கை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன். விடியலில் பார்த்த மதர், "நம்ம அஜ்ஜி ராவெல்லாம் செபம் பண்ணுகிறாள், பாருங்கள்" என்று சிஸ்டர்களிடம் புகழ்ந்தார்கள். கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி. நானும் வாயைத் திறக்கவில்லை. கோயில் படி ஏறும்போது இரைத்ததில் குட்டு வெளிப்பட்டது.

டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார். இருதயத்தின் இடப்பக்கக் கதவு சுருங்கி, ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கி அழுத்துகிறதாம். ஊருக்கெல்லாம் உப்புப் பார்க்கிற எனக்கு உப்புக் கூடாதாம். பஸ் பயணமும் இப்போது கூடாதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார், கவலைப்படாதீர்கள்.

அதனால் கிறிஸ்மஸுக்கு வரவில்லை. என் இலவம்பஞ்சுத் தலையணையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசனையோடு இருக்கட்டும்.

கஞ்சிக்கு மணி அடித்துவிட்டார்கள். பிள்ளைகளோடு நீங்களும் நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள், எதிர்ச்சுவரில் மாட்டிக்கொள்கிறேன். விடிய விடிய உட்கார்ந்திருப்பவளுக்கு எதிரே யாராவது வேண்டாமா?

அருளாயி