இரண்டாவது மாதிரி

ஹம்பேர்க்,
10.05.2025, சனிக்கிழமை

மதிப்புக்குரிய ஆனந்தராசா அவர்களுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் சண்டை வருகிறதென்று நாம் ஒப்புக்கொண்ட மாதக் கடிதம் இது. நீங்கள் பிராங்பேர்ட்டுக்குத் தனியே குடிபோய் மூன்று வருடம். வாழ்த்துச் சொல்வதா என்று தெரியவில்லை.

இன்று விடியக் காலை மார்பில் ஒரு பாரம், தாடைவரை ஏறியது. வியர்த்தது. அவசரப் பிரிவுக்குப் போனேன். ஈசிஜியில் கோடு எங்கும் உயரவில்லை. இரத்தமும் எடுத்தார்கள், இதயத் தசை பழுதானால் கசியும் புரதம் எல்லையில் நின்றது. ஒரு மணி நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் இன்று தமிழ்ப் பாடசாலையில் பொதுப் பரீட்சை, மேற்பார்வை நான். என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்திட்டு வந்துவிட்டேன். ஆறாம் வகுப்பில் ஒருவரும் பார்த்தெழுதவில்லை.

வாயுவாக இருக்கும். கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
சந்திரகாந்தி

உம்முடைய கதவுக்கு வெளியே,
13.05.2025, மாலை ஐந்து மணி

அன்புள்ள காந்தி,

கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. ஆறு தரம் அழைத்தேன், நீர் எடுக்கவில்லை. ரயில் ஏறி வந்து மணியும் அடித்தாயிற்று. கதவுத் துளையில் உம்முடைய நிழல் அசையுது; உயிரோடு இருக்கிறீர், சந்தோசம். கதைக்க விருப்பமில்லையென்றால் வாசியும். கதவுக்கு அடியால் தள்ளுகிறேன்.

ரயிலில் இருந்தே உம்முடைய அண்ணையின் மகள் கவிசாவிடம் கேட்டேன். இதய டாக்டரான அவளிடம் உம்முடைய வாயுக் கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாய்ப் போச்சு. "மாமா, குழாய் முழுக்க அடைபட்டால்தான் அநேகமாய் அந்தக் கோடு உயரும். அரைகுறையாய் அடைபட்டால் கோடு பேசாமல் கிடக்கும், இரத்தம்தான் சொல்லும். அதையும் ஒருக்கால் பார்த்தால் காணாது, மறுபடி எடுத்து ஏறுதோ எண்டு பார்க்கோணும். மாமியை இழுத்துக்கொண்டு போங்கோ!" என்றாள்.

இருபது வருடமாய் ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கிற ஆள் நீர். ஒரேயொரு போத்தலை எடுத்து, அளவு எல்லையில் நிற்க, 'தண்ணீர் நல்லது' என்று அறிக்கை எழுதுவீரோ? நான் சொன்ன எதையும் ஆதாரம் கேட்காமல் நீர் நம்பியதில்லை. உமக்கு வசதியான ஈசிஜித் தாளை மட்டும் எப்படி நம்பினீர்?

பத்து நிமிடம் தாறன். பிறகு 112க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுவன். மேல்வீட்டு ஜெர்மன்காரி ஏற்கெனவே இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டா.

ஆனந்தன்

வைத்தியசாலை, ஹம்பேர்க்,
15.05.2025

இஞ்சாருங்கோ,

நேற்று மாலை நீங்கள் வேலைக்கென்று திரும்பிய பிறகு பெரிய டாக்டர் வந்து எல்லாம் விளக்கினார். செவ்வாயன்று நீங்கள் என்னை இங்கே கூட்டிவந்தபோதும் ஈசிஜி அதேபோலத்தான் இருந்ததாம். ஆனால் ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரத்தத்தில் அளவு இரட்டிப்பாகியிருக்கிறது. ஒரு குழாய் தொண்ணூறு வீதம் அடைப்பு; இப்போது அதற்குள் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய். ஞாயிறும் செவ்வாயும் பாரம் வந்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. மன்னியுங்கள்.

படத்தைக் காட்டச் சொல்லிப் பல கேள்விகள் கேட்டேன். "உங்கள் கணவர் எங்களை எச்சரித்திருந்தார்" என்று அவர் சிரித்தார். உங்கள் போத்தல் கேள்விக்குப் பதில்: எழுதமாட்டேன். நீங்கள் வைத்துவிட்டுப் போன இடியப்பத்தைத் தாதி டொறத்தி எடுத்துக்கொண்டுபோனா, உப்புக் கூடவாம். கூட இருந்த தேங்காய்ப்பால் சொதியை அவவே முடித்ததாகக் கேள்வி.

வீட்டில் கூட யார் இருப்பார் என்று இன்று கேட்டார்கள். "கணவர்" என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது பிழைதான். திங்கட்கிழமை பத்து மணிக்கு விடுகிறார்கள். ஏலாதென்றால் எழுதுங்கோ. ஏலுமென்றால் எழுத வேண்டாம், வாங்கோ.

காந்தி