உன் அம்மா போட்ட வெள்ளைப் பட்டை

அன்புள்ள சிட்டுக்கு அப்பா எழுதுவது. எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பித்துத்தான் பழக்கம், இந்தத் தடவை முக்கால்வாசி சௌக்கியம் என்று வைத்துக்கொள், மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாதே, யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நம்புகிறோம், நம்புவதைத் தவிர இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும். இங்கே விடுதியில் இப்போது கூட்டம்தான். மலை ஏற வருகிறவர்கள் சாயங்காலம் வந்து ஈரச் சாக்ஸையெல்லாம் என் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டுவிடுகிறார்கள். சூப்பில் என்ன வாசனை என்று ஒருவன் கேட்டான், உன் சாக்ஸ்தான் தம்பி என்றேன், சிரித்துவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தான். மாடிப்படிக்குப் புதுக் கைப்பிடி போட்டாயிற்று. சமையற்கட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறது. உன் சித்தி வருகிற வாரம் வந்து கொஞ்ச நாள் இருப்பாள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உன் ஆபீஸ் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு மேலே வரலாமா, பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டிருந்தாய். காட்டுக்குள் போகிற பாதை நன்றாக இருக்கிறது, ஓடை தாண்டுகிற இடத்தில் மரப்பாலம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், தாராளமாக வரலாம். ஆனால் காடு முடிந்து, மரமே இல்லாத புதர்வெளியைத் தாண்டி, சேற்றுவெளி வழியாக உச்சிக்குப் போகும் பாதை மூடியிருக்கிறது. மூடியது இங்கே இருக்கிற வன ஆபீஸ் இல்லை, உன் அம்மா. அவளே தன் கையால் கயிறு கட்டி மூடினாள். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்கிற வேலை உன் அம்மாவுக்கு எவ்வளவு உசத்தி என்று உனக்குத் தெரியும். பனி உருகியதும் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லுக்குக் கல் வெள்ளைப் பட்டை அடித்துவிட்டு வருவாள். ஒரு பட்டைக்குப் பக்கத்தில் நின்றால் அடுத்த பட்டை தெரிய வேண்டும், மூடுபனியில் நடக்கிறவனுக்கு அது ஒன்றுதான் வழி. சேற்றில் வருஷா வருஷம் நாலைந்து கல் அமுங்கிப்போகும், அதற்குப் பதில் வேறு கல் பார்த்துப் பட்டை போட வேண்டும், அதில்தான் அவள் சாமர்த்தியம். நான் காடு முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் காலெடுத்து வைத்தவனில்லை. எனக்கும் சேற்றுக்கும் ஆகாது, அடுப்பும் நானுமாக இருந்துவிட்டேன். கல்யாணம் ஆன புதிதில் கூட்டிக்கொண்டு போனாள், பாதிக் காட்டிலேயே திரும்பி வந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷத்திலிருந்தே அவள் போடுகிற பட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் உள்ளங்கை அகலம் இருக்கும், இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. விடுதியில் தங்கியவர்கள், மேலே விமானம் இறங்கப்போகிறதா என்று கிண்டல் செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். டீயில் ஒரு நாள் உப்பைப் போட்டுக் கொடுத்தாள், என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து வாயைத் திறக்காமல் குடித்தேன். எனக்கெங்கே தெரியும்.

இந்தத் தடவை பட்டை அடிக்கப் போன அன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. அவள் திரும்பி வருகிற நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். அடுப்பை அணைத்துவிட்டு, கழுத்தில் துண்டோடு, காலில் சமையற்கட்டுச் செருப்போடு கிளம்பிவிட்டேன். காட்டைத் தாண்டினேன், புதர்வெளியைத் தாண்டினேன், சேற்றுவெளியில் பலகை போட்டிருக்கிற வரைக்கும் வந்தேன். பலகை முடிந்ததும் பட்டையைப் பார்த்துப் போனேன். என் பொண்டாட்டி போட்ட பட்டை, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றுதான் போனேன். ஒரு கல்லிலிருந்து இடது பக்கம் அடுத்த கல், அங்கிருந்து அடுத்தது. முன்னால் மெத்தை விரித்த மாதிரி பச்சென்று பாசி. காலை வைத்தேன், இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டேன். அசைய அசைய உள்ளே இழுக்கிறது. ஒரு புதரின் வேர் கைக்குக் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவளைப் பெயர் சொல்லி அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து வந்தாள். ஒரு பலகையைப் பெயர்த்து என் பக்கம் தள்ளி, அதன் மேல் குப்புறப் படுத்து, என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். இழுத்துப் போட்டதும் வாங்கிக் கட்டிக்கொண்டேன் பார், “யாரு உங்கள இங்க வரச் சொன்னது, பட்டையப் பாத்து நடக்கக்கூடத் தெரியாதா” என்று. நான் வழி தவறிவிட்டேன் என்று சொன்னேன். காலுக்கு வந்தது செருப்போடு போயிற்று, ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சேற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோதே எனக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது, திரும்பும் வழியில் மீதியும் தெரிந்தது. நான் முதலில் நம்பித் திரும்பினேனே, அந்தக் கல்லில் இருந்தது பட்டையே இல்லை, கல்லோடு ஒட்டி வட்டமாகப் படர்ந்த வெள்ளைக் கல்பாசி. அதைத் தன் பழைய பட்டை என்று நினைத்துக்கொண்டு, அங்கிருந்து அடுத்த கல், அதற்கடுத்த கல் என்று புதுப் பட்டை அடித்துக்கொண்டே போயிருக்கிறாள். கடைசிக் கல்லைத் தொட்ட என் உள்ளங்கையில் ஈரப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. பட்டை அடிக்கக் கல் மேல் ஏறி இறங்கியதோடு சரி, அவள் நடந்து வந்தது மட்டும் சரியான பாதையில்தான், அந்தப் பாதை அவள் காலுக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு நாள் மென்று முழுங்கினேன். சொன்னால் அவள் மனசு உடைந்துவிடும், வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது அந்தப் பாசியில் காலை வைக்கும். உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், நீ கடிதம் படித்துப் பதில் போடுவதற்குள் ஒரு கூட்டமே மேலே ஏறிவிடும். மூன்றாம் நாள் காலையில் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கத்தியை எடுத்து என் மேல் வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எந்தக் கல் என்று மட்டும் கேட்டாள். வாங்க போகலாம் என்று எழுந்துவிட்டாள்.

அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. கல்லைக் காட்டினேன். கிட்டே போய் முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தாள், அப்புறம் நகத்தால் சுரண்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. பெயிண்ட் அப்படி உதிராது. பையிலிருந்து கயிற்றை எடுத்துப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு கம்பத்துக்கும் குறுக்கே கட்டினாள். ஆபீஸுக்கும் அவளே போனாள், நான் பின்னாலேயே போனேன். அங்கே ஆறடி என்று நாம் கூப்பிடுகிற பையன்தான் இப்போது பொறுப்பில் இருக்கிறான், தங்கமான பிள்ளை, “யானைக்கும் அடி சறுக்கும்கா, நானும் மாமாவும் போயி அழிச்சிட்டு வந்துடறோம், வெளிய யாருக்கும் தெரிய வேணாம்” என்றான். “தெரியணும், நான்தான் தப்பாப் போட்டேன், எனக்குக் கண்ணு தெரியலன்னு எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பும்போது காட்டுக்குள் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வேறு யாராவது செத்துக்கித்துப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் என்றாள். ஏன், நான் செத்தா பரவாயில்லையா என்றேன். அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை, ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், முற்றிப்போயிருக்கிறது என்றார். தெரிந்தேதான் மறைத்திருக்கிறாள், சொன்னால் மேலே போக விடமாட்டார்கள் என்று. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். பார்வை பெரும்பாலும் வந்துவிடும், ஆனால் புரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எடுத்த பிறகுதான் தெரியும், இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது என்கிறார். அதைத்தான் முக்கால்வாசி சௌக்கியம் என்றேன். பார்வை வந்தால் பாதைக்குப் போவேன், வராவிட்டால் ஆறடியிடம் டப்பாவைக் கொடுத்துவிடுவேன் என்று நிதானமாகச் சொல்கிறாள். எனக்குத்தான் அதைக் கேட்க நிதானம் இல்லை. இதற்கிடையில் நானும் ஆறடியும் மேலே போய்த் தப்பான பட்டையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டோம். சரியான கல் எது என்று அவள் பலகையில் நின்றுகொண்டு ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் பட்டை அடித்தேன். சேற்றைக் கண்டால் ஓடுகிற உன் அப்பா இப்போது சேற்றுக்கு நடுவில் நின்று பெயிண்ட் அடிக்கிறான், காலம் கெட்டுப்போச்சு. நான் போட்ட பட்டையெல்லாம் கோணல் என்று ஆறடி சொல்கிறான். டாக்டர் பதில் சொன்ன பிறகு, அவளோ ஆறடியோ ஒரு தடவை நடந்து பார்த்துத்தான் கயிற்றை அவிழ்ப்போம்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். சித்தி இருக்கிறாள், நான் இருக்கிறேன், சமையலுக்கு இரண்டு வாரம் வேறு ஆள் வருகிறான், அவன் சூப்பைக் குடித்தால் கூட்டம் தானாகக் குறைந்துவிடும். அவசரமாக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். இரண்டு கண்ணும் ஆன பிறகு சாவகாசமாக வா, சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வா. நீயும் நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்க்கிறவள், ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு. நல்ல ஷூ வாங்கிக்கொள், விலை பார்க்காதே. குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே.

நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்க வேண்டும், உடம்பும் மனசும் திடமாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று செய். இது கிடைத்ததும் அம்மாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு. கண் கட்டு அவிழ்க்கிற அன்று அது இங்கே இருக்க வேண்டுமாம், நான் பிரிக்கக்கூடாதாம், படித்துக் காட்டவும் கூடாதாம், அவளே படித்துக்கொள்வாளாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “வேணாம், அவ எப்பவும் எழுதற எறும்பு எழுத்துலயே எழுதட்டும்” என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா