அப்பா போட்ட விடுகதை

வியாழன், இரவு.

பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. எதைக் காட்டிக் கேட்டாலும் அப்பாவுக்கு இன்னும் பெயர் வாயில் வரவில்லை, என் பெயர் உட்பட. இன்று லீவு போட்டுப் பேச்சுப் பயிற்சிக்கு நானே அழைத்துப் போனேன். பயிற்சி தரும் பெண் பூட்டின் படத்தைக் காட்டி, "இது இன்னா அங்கிள்?" என்றாள்.

"ஆள் இல்லாதப்ப காவல் காக்கும். ஆள் வந்தா எறங்கிக்கும்."

அடுத்தது டார்ச். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்.

"தலையில கட்டிக்கினு ஷாஃப்ட்டுல எறங்குவோம்."

"விடுகதை போடாதீங்க அங்கிள், பேரச் சொல்லுங்க" என்று சிரித்தபடியே இரண்டையும் தப்பு என்று குறித்துக்கொண்டாள். விடுகதை போடுகிறவர் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒளிக்கிறார். அப்பாவிடமிருந்து விடையே ஒளிந்துகொண்டது. மிச்சம் இருப்பது குறிப்பு மட்டும்.

சாப்பிடும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அப்பா, நான் யாரு?"

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "விடியறதுக்குள்ள போயிடும். இருட்டினப்புறம் வரும். வூட்ல நிக்காது."

"பெத்த பொண்ணு யாருன்னு கேட்டா மாரிகுப்பம் ரயில சொல்றீங்களே!" என்று அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பா அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ரயில் இல்லை, அம்மா. சரியாகத்தான் சொன்னார். ஆறு வருடமாக அந்த ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவள் நான்தான்.

நாளையும் லீவு கேட்டால் வேலை போய்விடும். நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். நான் படி இறங்கும்போது அவர் விழித்திருந்தால், என்ன சொல்லி என்னைத் திரும்பக் கூப்பிடுவார்?