முடிய காட்டு

பென்ரோஸ்,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.

அன்பு மகள் மஹதிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் கிளாஸ்கோக் குளிரோடு சண்டை பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். எப்போதும் நாங்கள் சுகம் என்று எழுதுகிறவன் இந்த முறை நான் சுகம் என்று எழுதியது பிழை இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் பொறு, ஒழுங்காகச் சொல்லாவிட்டால் எனக்கு நடுவில் நின்றுவிடும். தெரியாத நம்பரில் இருந்து படம் படமாக வந்ததைப் பார்த்துப் பயந்திருப்பாய். அது என்னோடு ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற நல்லசாமியின் போன். கடிதத்தை அவர்தான் படம் எடுத்து அனுப்புகிறார். என் போனைக் கொம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்க்கிறாள், கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசம் கழித்து என் மேல் சந்தேகம் வந்திருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுது அழுது போனவள். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், நீ எழுத்துக் கூட்டி வாசி, சரிக்குச் சரி.

கொம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். எழுதிவிட்டேன். மார்ச்சில் கண்டுபிடித்தது. மெலிந்துவிட்டாய் அம்மா என்று நீ வீடியோவில் கேட்டபோது சோற்றைக் குறைத்திருக்கிறேன் என்றாளே, அது பொய். தலையில் துணி கட்டியிருந்தது எண்ணெய் வைத்ததற்கு இல்லை. ஈஸ்ட் டாமாக்கியில் வேலை முடிந்து நிற்கிறேன் என்று உன்னோடு கதைத்த நாட்களில் எல்லாம் ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துகிற இடத்தில் இருந்துதான் கதைத்தாள், நான் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி இருந்தேன், நான் வாயை மூடி இருந்ததை நீ கண்டுபிடிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம். உனக்குச் சொல்லக்கூடாது என்று சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள். உன் விசா விண்ணப்பம் அங்கே கிடக்கிறது, முடிவு வர முதல் நீ அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் அது செல்லாமல் போய்விடும், நாலு வருசம் பட்ட பாடு, பிள்ளைக்கு விசா வரட்டும், பிறகு சொல்லுங்கோ என்றாள். நானும் ஓம் என்றேன். நான் அவளுக்கு ஓம் சொல்லாத நாள் எது.

மே மாதம் உன் கட்டிலுக்குக் கீழே இருக்கிற காட்டுப் பெட்டியை அனுப்பச் சொன்னாய் அல்லவா, பூதமும் பறக்கிற பாம்பும் படம் போட்ட விளையாட்டுச் சீட்டு, நாங்கள் காட்டு என்கிறது. அதைப் பிரித்து அடுக்கலாம் என்று மருந்து ஏற்றுகிற நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாலு மணித்தியாலம் கதிரையில் கிடக்க வேண்டும், கொம்மாவுக்கு நாடகம் பார்த்து அலுத்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு கொப்பித் தாள் இருந்தது. நீ பத்து வயதில் எனக்கு விளையாட்டுப் பழக்கவென்று தமிழில் எழுதியது. உச்சியில் பெரிதாக முடிய காட்டு என்று எழுதிச் சிவப்பில் கோடு போட்டிருந்தாய். அதன் கீழே கவிழ்த்து வைத்த காட்டுக்குப் பெயர் இல்லை, பலம் இரண்டு மட்டும், வைத்தவர் பார்க்கலாம் மற்றவர் பார்க்கக்கூடாது, தன் முறை வரும்போது வேறு மூன்று காட்டைப் பக்கவாட்டில் சரித்து விலை கொடுத்தால் திருப்பலாம், திருப்பினால் உண்மைப் பலம் வரும் என்று எழுதியிருந்தாய். நாங்கள் ஊரில் சீட்டுக்கட்டில் முன்னூற்றிநாலு விளையாடி வளர்ந்த ஆட்கள், துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பது எங்களுக்குப் பழக்கம்தானே, உச்சியில் இருப்பதுதான் தலையான கட்டளை என்று எடுத்துக்கொண்டோம். முடியக் காட்டு. ஆட்டம் முடிந்த பிறகு காட்டு. அதனால் மூன்றாவது விதியை நாங்கள் தொடவே இல்லை. எல்லாக் காட்டும் பெயர் இல்லாமல் இரண்டு பலத்தோடு முட்டிக்கொண்டு செத்தன. முடிந்த பிறகு திருப்பிப் பார்த்தால் கொம்மாவின் கையில் பலம் ஒன்பது உள்ள பறக்கிற பாம்பு இருந்திருக்கும், சும்மா செத்திருக்கும். இப்படி விசர் விளையாட்டை என்ரை பிள்ளை காசு கொடுத்து விளையாடியிருக்கே என்று சேலைன் கை ஆட ஆடச் சிரித்தாள். தாதி வந்து என்னைத்தான் பேசினாள்.

போன செவ்வாய்க்கிழமை ஆட்டத்தின் நடுவில் டொக்டர் வந்தார். போனில் ஒரு தமிழ்ப் பிள்ளையை மொழிபெயர்க்கப் பிடித்துத் தந்தார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளை. மருந்து பிடிக்கலைங்கம்மா, இனிமே குடுத்துப் பிரயோசனம் இல்லைன்னு டாக்டர் சொல்றாங்கம்மா, ஆகஸ்ட் தாண்டுறது கஷ்டம்னு சொல்றாங்கம்மா என்றது. கொம்மா அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னாள். என்னிடம் திரும்பி, எவ்வளவு மரியாதையாச் சொல்லுது பாருங்கோ, நீங்கள் ஒருநாளும் எனக்கு இப்பிடி மரியாதையாக் கதைச்சதில்லை என்றாள். நான் அதற்குப் பதில் பகிடி சொல்லவில்லை. இப்பவாவது பிள்ளைக்குச் சொல்லுவோம் என்று கெஞ்சினேன். அவள் தட்டில் கிடந்த உன் தாளை எடுத்து உச்சி வரியில் விரலை வைத்தாள். பிள்ளையே எழுதி வைச்சிருக்கு, முடியக் காட்டட்டாம், எல்லாம் முடிஞ்ச பிறகு காட்டுங்கோ என்றாள். மகள், உன் கையெழுத்தைக் காட்டி என் வாயை அடைத்துவிட்டாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நல்லசாமி ஏன் அண்ணே சோறு அப்படியே இருக்கு என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லித் தாளையும் காட்டினேன். அவர் படித்த மனிதர். வாசித்துச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். அண்ணே, இது முடிய இல்லை, மூடிய, பாப்பா சுழி போட மறந்திருச்சு, கார்டைத்தான் காட்டுன்னு எழுதியிருக்கு, இது கட்டளை இல்லை அண்ணே, வெறும் தலைப்பு, மூடிய கார்டு, முடிஞ்ச பிறகு காட்டணும்னு இதுல எங்கேயுமே இல்லையே என்றார். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடித்த பிறகும் இருந்தேன். பத்து வயதுப் பிள்ளை விட்ட ஒரு சுழியில் நாங்கள் மூன்று பேரும் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். மூன்றாவது விதியைத் திரும்ப வாசித்தேன். தன் முறையில் விலை கொடுத்தால் திருப்பலாம்.

அதனால் திருப்பிவிட்டேன். என் விலை எனக்குத் தெரியும். சத்தியத்தை உடைத்தேன் என்று கொம்மா என்னோடு கதைக்கமாட்டாள். முன்பென்றால் இருபத்தெட்டு வருசத்தில் ஒரு ஓய்வு கிடைத்தது என்று சொல்லியிருப்பேன். இப்போது அவளிடம் மிச்சம் இருக்கிற நாட்களே கொஞ்சம், அதில் எத்தனை நாள் கதைக்காமல் கழிப்பாளோ தெரியாது. உன் விலை விசா. அதைக் கொடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் வா என்று சொல்கிறேன். விசாவுக்குத் திரும்பவும் விண்ணப்பிக்கலாம். நீ வர முடியாமல் போனால் கோபிக்கமாட்டேன், ஆனால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நாளைக்கு நீ என் முகத்தைப் பார்க்கக் கூடாது, அதை என்னால் தாங்க ஏலாது. முன்னூற்றிநாலில் கூட்டாளிக்குச் சாடை காட்டுகிறவனைத்தான் ஊரில் பெரிய கள்ளன் என்பார்கள், உனக்கு நான் காட்டுவது அந்தச் சாடைதான், கள்ளன் என்ற பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

காட்டுப் பெட்டியை அனுப்பமாட்டேன், வந்து எடு. செவ்வாய்க்கிழமை ஆட்டம் பாதியில் நின்றது, கொம்மா கவிழ்த்து வைத்த ஒரு காட்டை பிஸ்கட் டின் மூடியில் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்திருக்கிறேன். தூசு தட்டும்போதுகூட நான் திருப்பிப் பார்க்கவில்லை. முறை அவளுடையது. தாளில் நீ விட்ட சுழியை நீலப் பேனையால் போட்டிருக்கிறேன், கடைசிப் படத்தில் பார்.

பிள்ளையார் உன்னோடு துணை வருவார், காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. வரும்போது சொக்லேட் ஒன்றும் வாங்காதே, கொம்மாவால் இப்போது கஞ்சி மட்டும்தான் ஏலும். இதை வாசித்த உடனே அவளுக்குப் போன் எடுத்து அழாதே. முதலில் டிக்கெட்டை எடு, பிறகு அழு.

இப்படிக்கு,
கள்ளச் சாடை காட்டின உன் அப்பா,
யசீகரன்