கடிக்கக் கூடாத முட்டை

அன்பு மகள் பிராகோவுக்கு அம்மா செர்வா எழுதுவது. அப்பாவின் இருமல் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், ஹாம்பர்க் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். இதைக் கொண்டுவருகிற பக்கத்து வீட்டுப் பையன் யாவ் கையில் கருவாட்டுப் பொடியும் மிளகாய்த் தொக்கும் கொடுத்திருக்கிறேன், எல்லாவற்றையும் உன் புருஷனுக்கே போட்டுவிடாதே. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். அங்கே மருமகன் பக்கத்தில் இருப்பார், இங்கே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இது நாம் இரண்டு பேர் மட்டும் பேசவேண்டிய விஷயம். பயந்துவிடாதே, கெட்ட சேதி இல்லை.

அக்ராவில் ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சின்னதாக்கி ஐந்து மாதம் ஆகிறது. முப்பத்தொரு கிலோ குறைந்துவிட்டது, சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது, முட்டியைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் என்னைப் பார்த்து, என்னக்கா, உன் வீட்டுக்காரர் ஒபெங் அண்ணன் உனக்கு சோறு போடறதில்லையா, இல்ல ஏதாச்சும் சீக்கா என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தாள். சொல்ல வந்தது இதுவல்ல. போன வியாழக்கிழமை காலையில் குளிக்கப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தூரம் வந்திருந்தது பிராகோ. ஏழு வருடம் கழித்து, நாற்பத்தைந்து வயதில், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வருவது போல. பயமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் இல்லை, கோயிலுக்குள் நிற்கும்போது வாய் தானாக மூடிக்கொள்ளுமே, அப்படி இருந்தது. என் உடம்பு என்னைக் கேட்காமலேயே இத்தனை நாள் எதையோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

ஆபரேஷன் செய்த டாக்டர் டெட்டேயைப் போனில் கூப்பிட்டேன். அந்த அம்மா சிரித்தார், ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னேனே, நீங்க கேட்டீங்களா என்றார். சொன்னார்தான். எனக்கு அதெல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு டாக்டர் என்று நான்தான் கையை ஆட்டிவிட்டேன். அது முடிந்துபோகவே இல்லையாம், உடம்பில் ஏறின எடை கருமுட்டையைப் பழுக்கவிடாமல் தூங்கவைத்திருந்ததாம், எடை இறங்கவும் விழித்துக்கொண்டதாம். கொஞ்ச நாள் முன்னேபின்னே வரும், அதிகமாகவும் போகும், இரும்புச்சத்து மாத்திரையை விடாதீங்க, ஒன்றரை வருஷத்துக்குக் குழந்தை மட்டும் உண்டாகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதை உன் அப்பாவிடம் சொன்னதும், அடியே, நான் தாத்தா ஆகலாம்னு உக்காந்திருக்கேன், நீ என்னை அப்பா ஆக்கிடாதே என்றார். எனக்கு வேண்டியதை வாங்கிவரச் சொன்னால் மனிதர் பதறிப்போய்ப் பச்சைக்குழந்தைக்குக் கட்டுகிற டயப்பரை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

சிரித்தது அத்தோடு சரி. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அடாயே, ஆறு வாரத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்கிற நாள். உன்னை ஒருத்தியைப் பெற்றதோடு என் வயிறு நின்றுவிட்டது, ஒத்தைப்பிள்ளைக்காரி என்று இந்த ஊர் என் முதுகுக்குப் பின்னால் பேசியது உனக்குத் தெரியும். முப்பத்தெட்டில் தூரமும் நின்றபோது அரண்மனையிலிருந்து ராணித்தாய்தான் கூப்பிட்டு அனுப்பினார், உனக்குக் கதவு சீக்கிரமே சாத்திக்கிச்சு செர்வா, வருத்தப்படாதே, ஆசன அறைக்குச் சமைக்க வா என்று. முன்னோரின் ஆசனங்களை வைத்திருக்கிற அறை அது, தூரம் நின்ற பெண்கள் மட்டும்தானே அந்த அடுப்பைத் தொடலாம். அன்றிலிருந்து நான் அகப்பையோடு தெருவில் நடந்தால் ஆம்பிளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். எனக்கு இந்த ஊரில் இருந்த மரியாதை அது ஒன்றுதான். இப்போது இதைச் சொன்னால் அதுவும் போச்சு. அதைவிடப் பெரிது ஒன்று இருந்தது. போன அடாயேக்கு முந்தின நாள் ஒரு துளி கறை பார்த்தேன், ஆபரேஷன் புண்தான் கசிகிறது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் போய்ச் சமைத்தேன். அந்தக் கையால் கிளறிய கிழங்கைத்தான் முன்னோருக்கு வைத்தார்கள். மூடி மறைத்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஏழு வருடம் தூங்கினது எழுந்து வந்து நிற்கும்போது அதைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். தூரத்தில் இருப்பவள் அரண்மனை வாசலைத் தாண்டக்கூடாதே, எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றேன். எங்கள் சமையலுக்கெல்லாம் பெரியவளான அஃப்ரகோமா வெளியே வந்து, ஏண்டி அங்கேயே நிக்கிற, கால்ல வேர் முளைச்சிருச்சா என்று கத்தினாள். சொன்னேன். கத்தினவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். திட்டி ஆள் அனுப்புவார்கள் என்று காத்திருந்தால், எண்பது வயது ராணித்தாய் தடியை ஊன்றிக்கொண்டு தெருவைத் தாண்டி என்னிடம் வருகிறார், பின்னால் ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். போன வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் துளியையும் சேர்த்து. எத்தனை வருஷம் என்றார். ஏழு தாயே என்றேன். அந்த டாக்டரம்மா வயித்தைத்தானே வெட்டுனாங்க என்றார். என் வயிற்றில் கையை வைத்தார், வெகு நேரம் எடுக்கவே இல்லை. இந்த வயசுக்கு நான் பார்க்காதது இல்லைனு இருந்தேன், இப்படி ஒண்ணை இன்னிக்குத்தான் கேக்குறேன் என்றார், கண் கலங்கியிருந்தது. அப்புறம் குரல் மாறியது. தெரியாம செஞ்சாலும் செஞ்சதுதான், முன்னோருக்கு ஒரு ஆடு குடுத்துடு, அகப்பையையும் குடுத்துடு என்றார். முந்தானையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன், கொடுத்தேன். வீடு வரைக்கும் அழுதுகொண்டேதான் வந்தேன், ஒருவரும் வழிவிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டுகிறார்கள். அஃப்ரகோமாவும் மற்ற இரண்டு பேரும், கையில் மூடிய தட்டு. ராணித்தாய் அனுப்பினாராம். திறந்தால் பாமாயில் ஊற்றி மஞ்சளாக மசித்த பெருவள்ளிக்கிழங்கு, நடுவில் உரித்த முட்டை. பெரியவளான பெண்ணுக்குக் கொடுப்பது அது. செத்தவர்களுக்குச் சமைக்கிற கைகள் எனக்காகச் சமைத்திருக்கின்றன பிராகோ! வெள்ளைத் துணியைச் சுற்றி என்னை முக்காலியில் உட்காரவைத்து, புதுப்பொண்ணு குனியறதைப் பாருடி, முடி மட்டும் ஏண்டி நரைச்சிருக்கு என்று ஒரே கேலி. முட்டையை மூன்று தரம் உதட்டில் தொட்டு, பல் படாமல் முழுசாக விழுங்கவேண்டும், கடித்தால் பிறக்கப்போகிற பிள்ளையைக் கடித்ததாகும். எனக்கோ இப்போது வாழைப்பழம் அளவு இரைப்பை, ஒவ்வொரு வாயையும் இருபது தரம் மெல்லாமல் விழுங்கினால் ஆஸ்பத்திரிதான். டாக்டர் மெல்லச் சொல்றாங்க என்றேன், மென்னா தொலைச்சுடுவேன் என்றாள் அஃப்ரகோமா. மூன்று தரம் தொட்டுவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டேன். யாராச்சும் முழுங்கித்தாண்டி ஆகணும், உன் ரத்தத்துல வேற பொண்ணு இல்லையா என்று கேட்டாள். அப்போதுதான் உன் முகம் வந்தது.

போன வருடம் நீ போனில் அழுதாய், கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, வருடத்துக்கு மூன்று தரம்தான் வருகிறது என்று. நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கதவு சீக்கிரமே சாத்திக்கும், மனசைத் தேத்திக்கோ என்று நான் சொன்னேன். அது பொய், கண்ணு. தெரியாமல் சொன்னதுதான், ஆனால் சொன்னது சொன்னதுதான். முன்னோருக்கு ஆட்டைக் கொடுத்தேன், உனக்கு இந்தக் கடிதம். உனக்கும் என் பருத்த உடம்பு வாகுதான், அதற்காக என்னைப் போலவே உன்னையும் அறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, உனக்கு என்ன வழி என்று அங்கே ஒரு டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், ஆனால் என் வாயால் சாத்தின கதவை நம்பி உட்கார்ந்திருக்காதே. நீ பெரியவளானபோது, அதெல்லாம் கூடாது என்று சர்ச்சுச் சபைக்காரர்கள் சொன்னதைக் கேட்டு உனக்கு அந்த முட்டையைக் கொடுக்காமல் விட்டோம்.

கடவுளும் முன்னோரும் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், நீயும் உன் புருஷனும் சிரித்த முகமாக இருங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொள். யாவ் வந்து சேர்ந்த மறுநாள் ரொம்பச் சின்ன முட்டையாகப் பார்த்து இரண்டு வாங்கி அவி, ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. உன் வயிறு முழுசாக இருக்கிறது, எனக்காகவும் நீயே விழுங்கு. மூன்று தரம் உதட்டில் தொடு. கடித்துவிடாதே.

உன் அம்மா,
செர்வா