எழுதி அனுப்பச் சொன்னாயே

கராமா, துபாய்

அன்பு மகன் விமலுக்கு அப்பா மாயாண்டி எழுதுவது. நான் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறேன், தோஹாவில் நீயும் மருமகள் உமாராணியும் பேரன் நிதினும் சிரித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆமாம் தம்பி, இது என் சொந்தக் கை. இரண்டு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது, ஆனாலும் எனக்கு இருக்கிற சந்தோஷம் கொஞ்சமில்லை.

தொண்டை கம்மியதை மெஸ்ஸில் தாளிக்கிற மிளகாய் நெடி என்றே நினைத்து இரண்டு வருஷம் மிளகுக் கஷாயம் குடித்தேன், பிறகு சட்டையின் மேல் பொத்தான் பூட்டவில்லை, சப்பாத்தி தண்ணீர் இல்லாமல் இறங்கவில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு விசில் அடித்தது, குறட்டை என்று ரூமில் என் கட்டிலைக் கதவோரம் தள்ளினார்கள். தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை நெருக்குகிறது என்று டாக்டர் இப்போதுதான் சொன்னார். அது தெரியாத நாளில் உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், அப்பா நீங்க பேசினா தவளை கத்துற மாதிரி இருக்கு, நிதின் பயப்படுறான், இனிமே எழுதி அனுப்புங்க என்று பதில் சொன்னாய். எனக்கு எழுதத் தெரியாது என்று தெரிந்தே சொன்னாய், பின்னால் உமாராணி சிரித்ததும் கேட்டது. பக்கத்துக் கட்டில் கார்மேகமும் கேட்டார். பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வருகிறவர், மறுநாளே கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தார். ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்தார். முதலில் என் பேரைக் கேட்கவில்லை, உன் பேரைத்தான் கேட்டேன், மூன்றே எழுத்து, நாலு பக்கம் அதுதான் இருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாமாம், பரவாயில்லை, உனக்கு அது வேண்டியதில்லையே. ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது என்று நர்ஸ் ஒரு ஃபாரத்தை நீட்டினாள். கைநாட்டு மையைத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினேன். உன் பேர் சின்னது, கைக்குப் பழகியது. இருந்தும் நிதானமாக, ஐந்து எழுத்தும் தப்பில்லாமல், கார்மேகம் என்று எழுதினேன். அதனால் உனக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள், நிம்மதியாக டியூட்டிக்குப் போ.

இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்கிறார் டாக்டர், உன் காலர் பொத்தான் இறுகுகிறதா என்று பார்த்துக்கொள். நிதினுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க மறக்காதே, உன் குரல் கெடுகிற நாளில் அவனும் எழுதி அனுப்பச் சொல்வான், அவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டாமா. மூன்று பேரும் நல்ல தொண்டையோடு நூறு வருஷம் இருங்கள். இதைக் கார்மேகம் போட்டோ எடுத்து அனுப்புவார்.

கையெழுத்துப் போடத் தெரிந்த உன் அப்பா,
மாயாண்டி